கைடா, பெரிய புத்தகமா, காணொளியா? முதலாண்டு கனிம வேதியியலுக்கு எதை நம்புவது

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என எந்த ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தாலும் முதல் மாதத்திலேயே மூன்று யோசனைகள் காதில் விழும். "கைடு ஒன்னு வாங்கு, போதும்" என்பார் சீனியர். "லைப்ரரியில டெக்ஸ்ட்புக் எடுத்துப் படிப்பா" என்பார் ஆசிரியர். "யூடியூப்ல பார்த்துக்கலாம்டா" என்பான் பக்கத்து பெஞ்சுக்காரன். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் மனதில் வைத்திருக்கும் இலக்குதான் வேறு.

கனிம வேதியியலில் பொதுப்போக்கை எந்தப் புத்தகமும் சொல்லிவிடும். இடமிருந்து வலமாகப் போனால் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல்) கூடும், மேலிருந்து கீழே வந்தால் குறையும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே கேட்ட கதை. கேள்வித்தாள் குறிவைப்பது விதிவிலக்கை. பெரிலியத்துக்கு 899 கிலோஜூல், அடுத்து நிற்கும் போரானுக்கு 801. நைட்ரஜனுக்கு 1402, ஆக்சிஜனுக்கு 1314. ஏன் இறங்கியது? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த மூலம் எதுவோ அதை நம்பலாம். ஆகவே மூன்றையும் பொதுவாகப் புகழ்வதையும் திட்டுவதையும் விட்டுவிட்டு, ஒரே கேள்வியை மூன்றிடமும் போட்டுப் பார்ப்போம்.

கேள்வி இதுதான்: பொட்டாசியத்தில் 3டி ஆர்பிட்டாலை (அணுவில் எலக்ட்ரான் தங்கும் இடம்) விட்டுவிட்டு 4எஸ் முதலில் நிரம்புகிறது. துத்தநாகம் அயனியாகும்போது அதே 4எஸ் முதலில் காலியாகிறது. முதலில் வந்தவர் ஏன் முதலில் போகிறார்?

கைடு இரண்டு வரியில் முடித்துவிடும். 4எஸ்-க்கு என், எல் என்ற குவாண்டம் எண்களின் கூட்டுத்தொகை 4, 3டி-க்கு 5, குறைந்தது முதலில் நிரம்பும். துத்தநாகத்தில் 4எஸ் வெளிக்கூட்டில் இருக்கிறது, ஆகவே முதலில் போகும். இரண்டு மார்க் கேள்விக்கு இது போதும், முழு மார்க்கும் கிடைக்கும். ஆனால் முதல் பாதிக்கு ஒரு காரணம், இரண்டாம் பாதிக்கு வேறொரு காரணம். இரண்டையும் கட்டும் கயிறு அங்கே இல்லை. நேர்முகத்தில் "இரண்டுக்கும் ஒரே காரணம் சொல்லுங்க" என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும்.

பெரிய புத்தகம், மற்ற எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பை எவ்வளவு மறைக்கும் என்று சொல்லும் ஸ்லேட்டர் விதியை எடுத்துப்போட்டுக் கணக்காகவே காட்டும். எஸ் அல்லது பி எலக்ட்ரானை எடுத்துக்கொண்டால், அதே தொகுதியில் உள்ள மற்ற எலக்ட்ரான் ஒவ்வொன்றும் 0.35, ஒரு கூடு உள்ளே இருப்பவை 0.85, அதற்கும் உள்ளே இருப்பவை 1.00 அளவுக்கு அணுக்கருவை மறைக்கும். டி எலக்ட்ரானை எடுத்தால் அதே டி தொகுதிக்கு 0.35, ஆர்பிட்டால்களை எழுதும் வரிசையில் அதற்கு இடப்பக்கம் உள்ள எல்லாவற்றுக்கும் 1.00. பொட்டாசியத்தின் கடைசி எலக்ட்ரான் 4எஸ்-இல் இருந்தால், மூன்றாம் கூட்டின் 8 எலக்ட்ரான்கள் 6.8, உள்ளே உள்ள 10 எலக்ட்ரான்கள் 10, மொத்தம் 16.8. 19-இலிருந்து கழித்தால் செயலுறு அணுக்கரு மின்சுமை (மறைப்பு போக எலக்ட்ரானுக்கு எட்டும் மின்சுமை) 2.2. அதே எலக்ட்ரான் 3டி-யில் இருந்தால் 18 எலக்ட்ரான்களும் முழுதாக மறைக்கும், மிச்சம் வெறும் 1.0. எந்தப் பக்கம் பிடிப்பு அதிகமோ அங்கேதான் எலக்ட்ரான் போகும்.

இப்போது துத்தநாகம். 4எஸ் எலக்ட்ரானுக்குக் கூட்டாளி ஒன்று 0.35, மூன்றாம் கூட்டின் 18 எலக்ட்ரான்கள் 15.3, உள்ளே 10. கூட்டினால் 25.65. 30-இலிருந்து கழித்தால் 4.35. 3டி எலக்ட்ரானுக்குக் கூட்டாளிகள் 9 பேர் 3.15, இடப்பக்கம் 18, மொத்தம் 21.15. மிச்சம் 8.85. பொட்டாசியத்தில் அணுக்கரு 3டி-யின் கண்ணிலேயே படவில்லை. துத்தநாகத்தில் 3டி-யை இறுகப் பிடித்திருக்கிறது, 4எஸ் தளர்ந்து நிற்கிறது. நிரம்புவதற்கும் காலியாவதற்கும் காரணம் ஒன்றேதான்: மின்சுமை கூடக் கூட 3டி உள்ளே இழுக்கப்படுகிறது.

இந்தக் கணக்கில் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 3எஸ், 3பி, 3டி எல்லாம் மூன்றாம் கூடுதானே என்று 17 எலக்ட்ரான்களையும் 0.35-ஆல், இரண்டாம் கூட்டின் 8-ஐ 0.85-ஆல் பெருக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் 3டி-க்கு 15.25 என்று வரும். ஸ்லேட்டர் விதியில் 3எஸ்-உம் 3பி-யும் ஒரு தொகுதி, 3டி தனித் தொகுதி. ஆற்றலையும் கணக்கிடச் சொன்னால் நான்காம் கூட்டுக்கு 4 போடக்கூடாது, 3.7 போட வேண்டும். இந்த இரண்டு எச்சரிக்கையும் நல்ல புத்தகத்தில் அட்டவணையின் அடியிலேயே இருக்கும்.

வீட்டில் வயலுக்கு வாங்கிவைத்த ஜிங்க் சல்பேட் மூட்டை இருந்தால் பிரித்துப் பாருங்கள். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ என்று இடுகிறோமே, அதேதான். வெள்ளையாக இருக்கும். மயில்துத்தம் நீலம், அன்னபேதி பச்சை, இது மட்டும் ஏன் வெள்ளை? 8.85 பிடித்த பிடியில் பத்து டி எலக்ட்ரான்களும் அப்படியே நிற்கின்றன. டி-க்குள் தாவ இடமே இல்லை, ஆகவே நிறமும் இல்லை. துத்தநாகம் இரண்டு நேர்மின்சுமையோடு நின்றுவிடுவதற்கும் இதே பிடிதான் காரணம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு இப்படி மூன்று விடைகள் கிடைக்கின்றன. மனப்பாடம் செய்பவர் மூன்றையும் தனித்தனியாக உருப்போட வேண்டும்.

காணொளி என்ன செய்யும்? நல்ல விரிவுரையாளர் என்றால் அணு எண் கூடக் கூட 4எஸ் கோடும் 3டி கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இறங்குவதைப் பலகையில் வரைந்து காட்டுவார். அந்தப் படம் மனதை விட்டுப் போகாது. கணக்கு மட்டும் கைக்கு வராது. பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், மறுநாள் வெள்ளைத்தாளை எடுத்தால் 0.85-ஆ 0.35-ஆ என்று பேனா நிற்கும். காணொளியின் பெரிய குறையே இதுதான், அதற்கு எந்த விரிவுரையாளரும் பொறுப்பில்லை.

ஆக, இந்த ஒரு கேள்வியில் புத்தகம் ஜெயித்துவிட்டது. ஆனால் அதை வைத்தே "புத்தகம் மட்டும் படி" என்று சொன்னால் நடைமுறை தெரியாதவர் பேச்சாகிவிடும்.

தேர்வு வினாத்தாளின் அமைப்பைப் பாருங்கள். ஐந்து யூனிட் உள்ள 75 மதிப்பெண் தாளில் பரவலாக உள்ள முறை: இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து (ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு), பத்து மார்க் ஐந்தில் மூன்று. ஒரு யூனிட்டுக்கு இரண்டு மார்க் இரண்டு, ஐந்து மார்க் ஒன்று, பத்து மார்க் ஒன்று. இரண்டு யூனிட்டைக் கையே வைக்காமல் விட்டால் போவது 8-உம் 10-உம் சேர்ந்து 18 மார்க்தான். பத்து மார்க் பகுதியில் நட்டமே இல்லை, அங்கே எப்படியும் மூன்றுதான் எழுதவேண்டும். மிச்சம் 57-இல் 30 எடுத்தால் பாஸ். கைடு பிழைப்பதே இந்தக் கணக்கில்தான். மூன்று யூனிட்டுக்குத் தலைப்பு, துணைத்தலைப்பு, படம் என்று எழுதத் தயாராக வைத்திருக்கும். பாஸ் மட்டுமே வேண்டும், அல்லது அரியரை முடிக்க வேண்டும் என்பவருக்குக் கைடு படிப்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம். உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதென்றால் அமைப்பு மாறியிருக்கலாம், பழைய வினாத்தாள் இரண்டை எடுத்துவைத்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள்.

இதே கணக்கு, ஐஐடிகளில் முதுகலை சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வில் செல்லாது. அங்கே 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரு மார்க் கேள்வியில் தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மார்க் கேள்வியில் மூன்றில் இரண்டு பங்கு கழியும். அதோடு எண்ணாக விடை எழுதவேண்டிய கேள்விகள் 20. அவற்றுக்கு மைனஸ் இல்லை, ஆனால் ஊகித்து எழுதவும் வழியில்லை. "ஸ்லேட்டர் விதியை விவரி" என்று அங்கே கேட்கமாட்டார்கள், மின்சுமை எவ்வளவு என்று எண்ணைக் கேட்பார்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரலாம் என்று நினைப்பவருக்கும் இதே நிலைதான். அங்கே நுழைவதற்கான சியுஇடி தேர்வும் கொள்குறி வகை. இந்த இரண்டில் ஒன்று மனதில் இருந்தால் முதல் செமஸ்டரிலிருந்தே பெரிய புத்தகம் பக்கம் போய்விடுவது நல்லது. மூன்றாம் ஆண்டில் போய் ஆரம்பித்தால் அடித்தளத்தையும் போட்டுக்கொண்டு மாடியையும் கட்டவேண்டியிருக்கும்.

எந்தப் பாடத்துக்கு எது

ஆவர்த்தனப் பண்புகளுக்குப் புத்தகம் என்று மேலே பார்த்தாயிற்று. மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கைக்கு நேர்மாறு. அங்கே முதலில் காணொளி. என்பிடெல், ஸ்வயம் ஆகிய இணையவழிப் பாடத் தளங்களில் விரிவுரைகளைக் காசில்லாமல் பார்க்கலாம், சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். ஆர்பிட்டால்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதையும், குறி மாறினால் நடுவே கணு விழுவதையும் அசையும் படமாகப் பார்த்தால் பத்து நிமிடத்தில் புரியும். அச்சில் படித்தால் ஒரு வாரம் போகும்.

ஆனால் பார்த்த கையோடு ஆக்சிஜனுக்கு நீங்களே வரைய வேண்டும். இணைதிற எலக்ட்ரான்கள் (வெளிக்கூட்டில் உள்ளவை) 12. பிணைப்பு ஆர்பிட்டால்களில் 8, எதிர்ப்பிணைப்பில் 4. வித்தியாசத்தில் பாதி 2, அதுதான் பிணைப்புத்தரம். கடைசி இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு எதிர்ப்பிணைப்பு பை ஆர்பிட்டால்களில் ஒன்றொன்றாக நிற்கும், அதனால் பாரா காந்தத்தன்மை, அதாவது காந்தம் இழுக்கும். அடுத்து போரானை வரையுங்கள். சறுக்கல் இங்கேதான். நைட்ரஜன் வரைக்கும் 2பி-யின் பை, சிக்மாவுக்குக் கீழே. ஆக்சிஜனிலும் ஃபுளூரினிலும் சிக்மா கீழே. ஆக்சிஜன் வரிசையையே போரானுக்கும் போட்டால் எலக்ட்ரான்கள் இரண்டும் சிக்மாவில் ஜோடி சேர்ந்து டயா காந்தம் (காந்தம் இழுக்காது) என்று விடை வரும். உண்மையில் இரட்டைப் போரான் மூலக்கூறில் இரண்டு தனி எலக்ட்ரான்கள் உண்டு. போரானும் கார்பனும் சரியாக வந்துவிட்டால் அந்தப் பாடம் கைவசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எஸ், பி தொகுதித் தனிமங்களின் தயாரிப்பு, வினை, பயன் என்று வரும் விவரணப் பகுதிக்குக் கைடே மேல். பெரிய புத்தகங்கள் இங்கே ஆராய்ச்சிக்குள் ஓடிவிடும். கைடு நமது வினாத்தாளுக்கேற்ப வரிசைப்படுத்தித் தரும்.

கைடு வாங்கும்போது கடையில் நின்றபடியே மூன்று இடத்தைப் புரட்டிப் பாருங்கள். எலக்ட்ரான் நாட்டம் (ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல்) அதிகம் உள்ளது ஃபுளூரின் என்று போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். குளோரினுக்கு 349 கிலோஜூல், ஃபுளூரினுக்கு 328. டைபோரேன் படத்தில் போரான்களுக்கு நடுவே நேர்க்கோடு ஒன்றைப் போட்டு, ஈத்தேன் மாதிரி இரண்டு பக்கமும் மும்மூன்று ஹைட்ரஜனை மாட்டியிருந்தாலும் அப்படியே. அந்த மூலக்கூறில் உள்ளவை 12 எலக்ட்ரான்கள்தான். ஓரத்து நான்கு ஹைட்ரஜன்களுக்கு 8, பாலமாக நிற்கும் இரண்டு ஹைட்ரஜன்களுக்கு மிச்சம் 4. நேர்க்கோட்டுக்கு எலக்ட்ரானே இல்லை. மூன்றாவது, குரோமியம், தாமிரம் இரண்டின் எலக்ட்ரான் அமைப்பு. சரிபாதியாகவும் முழுதாகவும் நிரம்பியதால் நிலைப்புத்தன்மை என்று மட்டும் எழுதியிருக்கிறதா, பரிமாற்ற ஆற்றல் (ஒரே சுழற்சியுள்ள எலக்ட்ரான்களால் கிடைக்கும் நிலைப்பு) என்ற சொல்லாவது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் தேறினால் தாராளமாக வாங்கலாம். ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும் கையெழுத்து நோட்ஸுக்கும் இதே சோதனைதான். அவற்றில் ஒரு தப்பு நுழைந்தால் வருஷாவருஷம் பிரதியாகிக்கொண்டே போகும்.

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வருபவர்கள் பெரிய ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மலைப்பார்கள். மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆவர்த்தன வகைப்பாடு, பிணைப்பு, பி தொகுதி, இடைநிலைத் தனிமங்கள், அணைவுச் சேர்மங்கள், உலோகவியல் எல்லாம் அங்கே தமிழில் இருக்கின்றன. முதல் இரண்டு செமஸ்டர் பாடத்தில் கணிசமான பங்கு அதுதான். முதலில் அதில் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் நகரும்.

டியூஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நோட்ஸ் சொல்லி எழுதவைக்கும் டியூஷன், வாயால் படிக்கப்படும் கைடு. கணக்குப் போடவைத்துத் திருத்தும் டியூஷன் கிடைத்தால் போகலாம்.

ஆய்வகம் தனிக்கணக்கு

மேலே சொன்ன மூன்றில் எதுவுமே தனியாகக் கைகொடுக்காத இடம் செய்முறைத் தேர்வு. பர்மாங்கனேட் தரம்பார்த்தலைக் காணொளியில் பத்துமுறை பார்த்தாலும் கை நடுங்கத்தான் செய்யும். 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் 100 மில்லிக்கு 0.63 கிராம். அதில் 20 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் ஏறக்குறைய அதே அளவு சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கவேண்டும். முதல் சில துளிகள் நிறம் மாறச் சுணங்கும். பொறுமையில்லாமல் திறந்துவிட்டால் பழுப்பாகக் கலங்கும், அது மாங்கனீசு டை ஆக்சைடு, அந்தக் குடுவை அவ்வளவுதான். கொஞ்சம் மாங்கனீசு அயனி உண்டானதும் அதுவே வினையூக்கியாகி வேகம் பிடிக்கும். கொதிக்கவிட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையத் தொடங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிட்டால் பர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்யும், ப்யூரெட் அளவு கூடிவிடும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி, ஆகவே அளவு குறைந்துவிடும். அடர்நிறக் கரைசல் என்பதால் மேல் விளிம்பைப் பார்த்து அளவு எடுக்கவேண்டும். முப்பது விநாடி நிற்கும் இளஞ்சிவப்பு வந்தால் போதும். சிவப்பு வேண்டும் என்று காத்திருப்பவர் இரண்டு துளி, அதாவது 0.1 மில்லி, கூட விட்டிருப்பார்.

உப்புப் பகுப்பாய்வில் செய்முறை அட்டவணையை மட்டும் நம்புபவர், அயனிகளை வரிசையாக வீழ்படிவாக்கிப் பிரிக்கும் தொகுதிகளில் மூன்றாவதில் மாட்டுவார். அட்டவணை "கொதிக்கவை, அடர் நைட்ரிக் அமிலம் சில துளி சேர்" என்று மட்டும் சொல்லும். ஹைட்ரஜன் சல்பைடை முழுக்க வெளியேற்றாமல் அம்மோனியா ஊற்றினால் நான்காம் தொகுதியின் துத்தநாகமும் நிக்கலும் சல்பைடாக இங்கேயே விழுந்துவிடும். நைட்ரிக் அமிலத்தை விட்டால் இரும்பு ஃபெரஸாகவே (இரண்டு நேர்மின்சுமையோடு) நிற்கும். அம்மோனியம் குளோரைடு ஹைட்ராக்சைடைக் குறைத்துவைத்திருக்கும் கரைசலில் ஃபெரஸ் ஹைட்ராக்சைடு சரியாக வீழ்படிவாகாது. ஃபெரிக் (மூன்று நேர்மின்சுமை) என்றால் அந்தக் குறைவிலும் விழும். இந்தக் காரணம் இருப்பது பெரிய புத்தகத்தின் கரைதிறன் பெருக்கப் பாடத்தில். செய்முறைக்கு முதல்நாள் அந்த நாலு பக்கத்தைப் படித்துவிட்டுப் போவது, ரெக்கார்டு நோட்டை நாலுதரம் புரட்டுவதைவிட மேல்.

நம் பகுதிக்கென்று இரண்டு தொல்லை உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம், பூம்புகார் பக்கம் கடலோர நிலத்தடி நீர் உப்பேறியது. சோதனைக்குழாயைக் குழாய்த்தண்ணீரில் கழுவி அப்படியே வேலையைத் தொடங்கினால் சில்வர் நைட்ரேட் விட்டதும் எல்லா உப்பும் வெள்ளையாகக் கலங்கும், எல்லாமே குளோரைடாகிவிடும். கடைசிக் கழுவல் காய்ச்சிவடித்த நீரில் இருக்கவேண்டும். அந்த நீரிலேயே நீர்த்த நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டு ஒரு வெற்றுச் சோதனை செய்துகொண்டால் சந்தேகம் தீரும். சோடியம் கார்பனேட் சாற்றில் பார்க்கும்போது நுரைப்பது நிற்கும்வரை அமிலம் விடவேண்டும், இல்லாவிட்டால் விழுவது சில்வர் கார்பனேட். இரண்டாவது தொல்லை மழைக்காலக் காற்று. ஃபெரிக் குளோரைடு, ஜிங்க் குளோரைடு, கால்சியம் குளோரைடு மூன்றும் மூடி திறந்த வேகத்தில் ஈரத்தை இழுத்துக் கசியும். உலர்சோதனையில் நீர்த்திவலை தெரிந்தால் படிகநீர் என்று எழுதிவிடாதீர்கள். இதே காற்றில் அன்னபேதி பழுப்பேறும். ஃபெரஸ் தரக்கரைசலுக்கு மோர் உப்பு என்னும் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைக் கேட்டு வாங்குங்கள், 0.1 நார்மலுக்கு 100 மில்லியில் 3.92 கிராம். அந்த நூறு மில்லிக்குள் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலத்தையும் சேர்த்துக் கரைத்தால் கலங்காது.

காலத்தைப் பிரித்துக்கொள்வது

ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் நவம்பரில் ஒன்றாக வரும். விடுமுறை விடுவதும் தேர்வு தள்ளிப்போவதும் டெல்டா மாவட்டங்களில் வாடிக்கை. மின்சாரமும் சிக்னலும் அப்போது நிச்சயமில்லை, ஆகவே காணொளி வேலையை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடவேண்டும், வேண்டியதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டும். புத்தகக் கணக்குகளுக்கு ஜூலையிலிருந்து அக்டோபர் நடு வரைக்கும் தினம் முக்கால் மணி நேரம் போதும், ஒரே புத்தகம், நடுவில் மாற்றாமல். நூலகத்தில் கிடைக்கும் பழைய பதிப்பே தாராளம். ஸ்லேட்டர் விதி 1930-இல் வந்தது, புதிய பதிப்பில் அது மாறிவிடப்போவதில்லை. கைடையும் பழைய வினாத்தாளையும் கடைசி மூன்று வாரத்துக்கு எடுத்துவையுங்கள்.

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்குத் தினம் பஸ்ஸில் போய்வருபவருக்கு மாலையில் அந்த முக்கால் மணி நேரம் கிடைக்காது என்றால், புத்தகத்தில் இரண்டே பாடத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: ஆவர்த்தனப் பண்புகளும் பிணைப்பும். மற்றதற்குக் கைடு போதும். அரியர் வைத்திருப்பவர் மூன்று யூனிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது விவரணப் பகுதி அதிகம் உள்ள யூனிட்டுகளை எடுக்கவேண்டும், மூலக்கூறு ஆர்பிட்டால் யூனிட்டை விட்டுவிடலாம். ஆனால் அதில் வரும் இரண்டு மார்க் இரண்டையும் விடவேண்டாம். பிணைப்புத்தரக் கணக்கு மட்டும் தெரிந்திருந்தால் அதில் ஒன்றையாவது எழுதிவிடலாம்.